பதினொரு நிமிடப் பாட்டில் பின்னால் இருக்கும் பையன்

ஒரு எண் ரொம்ப நாளாக என் மனதை உறுத்திக்கொண்டிருந்தது. ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2003-இல் தலைசிறந்த 100 கிட்டார் கலைஞர்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. அதில் இங்கிலாந்துக் கிட்டார் கலைஞரும் பாடலாசிரியருமான ரிச்சர்ட் தாம்ப்ஸனுக்கு 19-ஆவது இடம். 2011-இல் அதே பத்திரிகை புதிதாக ஒரு பட்டியல் போட்டபோது அவர் 69-ஆவது இடத்தில் இருந்தார். நடுவில் எட்டே வருஷம். அதற்குள் அவர் வாசிப்பு மங்கிவிட்டதா என்று தேடித் தேடிக் கேட்டேன். 2007-இல் வந்த ஆல்பத்தைக் கேட்டேன். மேடையிலேயே பதிவு செய்து 2010-இல் வெளியிட்டதையும் கேட்டேன். கை தளரவே இல்லை, சில இடங்களில் முன்னைவிடத் துணிச்சலாகவே இருந்தது. அப்புறம் எதற்கு ஐம்பது படி இறக்கினார்கள்? யாரிடமாவது இதைச் சொல்லி ஆற்றிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் போனேன். எனக்குத் தாம்ப்ஸனை அறிமுகப்படுத்தியவரே அவர்தான், என்னைவிட அதிகமாகக் கொதிப்பார் என்று நினைத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பட்டியலில் மார்ட்டின் இருக்கிறானா?" என்றார். எந்த மார்ட்டின் என்று எனக்குப் புரியவில்லை. கிட்டார் பட்டியலாயிற்றே, நாட்டுப்புறப் பாடகரும் கிட்டார் கலைஞருமான மார்ட்டின் கார்த்தியைக் கேட்கிறாரோ என்று யோசித்தேன். அவர் கேட்டது ஒரு டிரம்மரை.

அந்தக் கேள்வியிலிருந்து வெளியே வர எனக்குப் பல மாதம் ஆனது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் பான்பரிக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஆக்ஸ்ஃபோர்டுக்கு வடக்கே இருக்கும் ஊர். இங்கே பெரிய காபித் தொழிற்சாலை ஒன்று இருப்பதால், காற்று வாகாக அடித்தால் ஊரே வறுத்த காபி மணக்கும். அந்த மணத்துக்காகவே வந்த முதல் வாரத்தில் எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனது. பெரியவர் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். கோடையில் தோட்டத்துக் கொட்டகையின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எதையாவது பிரித்துப் போட்டு ரிப்பேர் செய்வார், உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிட்டார் கேட்டது. ஒருவர் அடித் தந்திகளில் ஓட்டம் குறையாமல் போய்க்கொண்டிருக்க, இன்னொருவர் அதன் மேல் துள்ளித் துள்ளிப் பாட்டை எடுத்துக்கொண்டு போவதுபோல இருந்தது. ஈரத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். வேலியருகே போய், "இரண்டாவது கிட்டார் வாசிப்பது யார்?" என்று கேட்டேன். "இரண்டாவது கிட்டாரே இல்லை" என்றார்.

அதை நம்ப எனக்கு நேரம் பிடித்தது. நான் சின்ன வயதில் ஏழு வருஷம் வீணை கற்றுக்கொண்டவள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மேல் தந்திகளை மீட்டிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் இருக்கும் மூன்று தாளத் தந்திகளைச் சுண்டுவிரல் தட்ட வேண்டும். பாட்டில் மனம் போய்விட்டால் சுண்டுவிரல் நின்றுவிடும். "சுண்டுவிரல் தூங்கப் போயிடுச்சா?" என்று டீச்சர் கேட்பார். ஒரு கைக்குள் இரண்டு ஆட்களைக் குடிவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த ஏழு வருஷத்தில் எனக்குத் தெரிந்திருந்தது. தாம்ப்ஸன் செய்வதும் அதே வகை வேலைதான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிளெக்ட்ரத்தை, அதாவது தந்தி மீட்டும் சின்ன வில்லையைப் பிடித்து அடித் தந்திகளை ஓட்டுவார், நடுவிரலும் மோதிர விரலும் மேலே பாட்டைப் பார்த்துக்கொள்ளும். அன்றைக்கு நான் கேட்ட பாட்டில் தடித்த இரண்டு தந்திகளையும் தளர்த்திச் சுருதி இறக்கியிருப்பார், அதனால்தான் அடியில் அத்தனை கனம்.

அந்தப் பாட்டு '1952 வின்சென்ட் பிளாக் லைட்னிங்'. 1991-இல் வந்தது. ஸ்டீவனேஜ் ஊரில் தயாரான அந்த மோட்டார் சைக்கிளில் மொத்தமே சுமார் முப்பது வண்டிதான் செய்தார்கள். அப்படி ஒரு வண்டி வைத்திருக்கும் திருடன், அவனை விரும்பும் சிவப்பு முடிக்காரி, சாகும்போது சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போவது, இவ்வளவுதான் கதை. நானூறு வருஷம் பழைய கதைப்பாட்டின் எலும்புக்கூட்டில் பெட்ரோல் வாசனையை ஏற்றியிருக்கிறார். அமெரிக்காவில் டெல் மக்கூரி இதை எடுத்து, இங்கிலாந்தின் பாக்ஸ் ஹில்லுக்குப் பதில் நாக்ஸ்வில் என்று மாற்றி, பாஞ்சோவும் மாண்டலினுமாக ப்ளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாட்டாக்கினார். அங்கே அது தங்கள் ஊர்ப் பாட்டு என்றே நினைத்துப் பாடுகிறவர்கள் உண்டு. 2013-இல் பாப் டிலனே இதை மேடையில் பாடினார்.

அதன் பிறகு எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு வருஷத்துக்கு வேறு எதையும் ஒழுங்காகக் கேட்கவில்லை. மனைவி லிண்டாவுடன் அவர் சேர்ந்து செய்த 1974 ஆல்பம், 1982-இல் திருமணம் உடைந்துகொண்டிருந்த சமயத்தில் வெளிவந்த கடைசி ஆல்பம், தனியாக ஒரே ஒரு கிட்டாருடன் மேடையேறிய கச்சேரிகள் என்று ஒவ்வொன்றாகப் போனேன். தாம்ப்ஸன் ரசிகர்கள் எங்கே சந்தித்துக்கொண்டாலும் ஒரு வருத்தத்தைப் பேசுவார்கள்: இவருக்கு வரவேண்டிய பேர் வரவில்லை. 1972-இல் வந்த முதல் தனி ஆல்பம் படுமோசமாக விற்றது, வானொலியில் போட மாட்டார்கள், கடைத்தெருவில் பத்துப் பேரை நிறுத்திக் கேட்டால் ஒன்பது பேருக்குத் தெரியாது. நானும் அந்த வருத்தத்தைக் கற்றுக்கொண்டேன். பிடித்தவருக்காக வருத்தப்படுவதில் ஒரு நெருக்கம் இருக்கிறது, அது எனக்கு வேண்டியிருந்தது. அந்த மனநிலையில்தான் 19, 69 என்ற இரண்டு எண்களோடு வேலியருகே போய் நின்றேன்.

டிரம்ஸை மட்டும் கேள்

பெரியவர் என்னைக் கொட்டகைக்குள் கூப்பிட்டு ஒரு ஸ்டூலைப் போட்டார். "தாம்ப்ஸனின் மிகச் சிறந்த வாசிப்பு எது என்று நினைக்கிறாய்?" என்று கேட்டார். நான் மூன்று நான்கு சொன்னேன், எல்லாம் மின்கிட்டாரில் கிழித்துக்கொண்டு போகும் இடங்கள். அவர் 'அன்ஹாஃப்பிரிக்கிங்' ஆல்பத்தை எடுத்து 'எ செய்லர்ஸ் லைஃப்' பாட்டில் ஊசியை வைத்தார்.

தாம்ப்ஸன் அப்போது இருந்த ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழு அதை 1969-இல் லண்டனில் பதிவு செய்தது. பதினொரு நிமிடம், ஒரே டேக். தன் மாலுமியைத் தேடிப் படகேறிக் கடலுக்குப் போகும் பெண்ணின் பழைய பாட்டு அது. நாட்டுப்புறப் பாட்டு கிளப்புகளில் பாடிக்கொண்டிருந்த சாண்டி டென்னி அதைக் குழுவுக்குக் கொண்டுவந்தார். அதுவரை அந்தப் பையன்கள் அமெரிக்கப் பாடல்களைத்தான் அதிகமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பாட்டுக்கு வயலின் வாசிக்க டேவ் ஸ்வார்ப்ரிக்கைக் கூப்பிட்டார்கள். அவர் அப்போது குழுவில் இல்லை, மார்ட்டின் கார்த்தியுடன் வாசித்து நாட்டுப்புற இசை உலகில் பேர் வாங்கியிருந்தவர். மற்றவர்களெல்லாம் இருபதை ஒட்டிய வயதுக்காரர்கள்.

நான் வழக்கம்போலக் கிட்டாரைத்தான் கேட்டேன். ஆரம்பத்தில் அது அலட்டாமல் சுருதிபோல நிற்கிறது. பாட்டு வளர வளர வயலின் ஒரு வார்த்தை சொல்லும், கிட்டார் அதன் கடைசி எழுத்தைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் போகும். யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று தெரியாமல் முடிவு வரை போய் அடங்குகிறது. அற்புதம் என்றேன். அவர் ஊசியை எடுத்து மறுபடி முதலில் வைத்தார். "இப்போது டிரம்ஸை மட்டும் கேள்."

இரண்டாவது தடவை கேட்டபோது அது வேறு பாட்டாக இருந்தது. முதல் சில நிமிடங்களில் தாளமே இல்லை. சிம்பல் தட்டிலிருந்து ஒரு சலசலப்பு மட்டும் வருகிறது, வந்து வந்து பின்வாங்குகிறது. குரல் ஏறுவதற்கு முன்னால் அது லேசாக உயர்கிறது, குரல் ஒரு சொல்லில் தங்கினால் அதுவும் தங்குகிறது. அந்தப் பாட்டில் கடல் என்று ஒன்று இருந்தால் அது முழுக்க அந்த டிரம்மரின் கையில்தான் இருக்கிறது. பிறகு எந்த இடத்தில் என்று சொல்ல முடியாதபடி தாளம் உருவாகிறது, யாரும் தொடங்கிவைத்ததாகவே தெரியவில்லை. கிட்டாரும் வயலினும் அப்படிப் பறக்க முடிந்ததற்குக் காரணம் கீழே ஒருவன் அவர்கள் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டே அடித்துக்கொண்டிருந்ததுதான். ஒரு சமயம் தாம்ப்ஸன் ஒரு வரியை முடிக்காமல் விட்டுவிடுகிறார். முதல் தடவை அது எனக்கு வெறும் இடைவெளியாகத் தெரிந்தது. இப்போது அந்த இடைவெளிக்குள் ஒரு உருட்டல் இருப்பது கேட்டது. அவனுக்காகத்தான் விட்டிருக்கிறார். கச்சேரியில் பாடகர் நிரவலின் நடுவில் மிருதங்கக்காரர் பக்கம் திரும்பி ஒரு தலையசைப்பு அசைப்பாரே, அது காதில் விழுந்ததுபோல இருந்தது.

அந்தப் பையன் மார்ட்டின் லாம்பிள். வயது 19.

பெரியவரும் அந்தக் காலத்தில் பள்ளி நண்பர்களோடு சேர்ந்து டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தாராம். லாம்பிளைவிட இரண்டு வயது சின்னவர். "எவ்வளவு ஓங்கி அடிக்கிறோமோ அவ்வளவு நல்ல டிரம்மர் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். இதைக் கேட்ட அன்றைக்குக் குச்சியைக் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்" என்றார். அந்த ஆல்பம் 1969 ஜூலையில் வெளிவந்தது. அதை அவர் கடையில் வாங்கியபோது லாம்பிள் உயிரோடு இல்லை.

மே 12

1969 மே மாதம் பர்மிங்ஹாமில் மதர்ஸ் என்ற கிளப்பில் வாசித்துவிட்டு, இரவோடு இரவாகக் குழுவின் வேன் லண்டன் திரும்பிக்கொண்டிருந்தது. 12-ஆம் தேதி அதிகாலை, எம்1 நெடுஞ்சாலையில், ஊர் நெருங்கிவிட்ட நேரத்தில், ஓட்டியவர் கண்ணயர்ந்துவிட்டார். மார்ட்டின் லாம்பிளும், தாம்ப்ஸனின் காதலியான உடை வடிவமைப்பாளர் ஜீனி ஃபிராங்க்ளினும் இறந்துபோனார்கள். மற்றவர்களுக்கும் நல்ல அடி. சாண்டி டென்னி அந்த வண்டியில் வரவில்லை. தாம்ப்ஸனுக்கு இருபது வயது முடிந்து ஒன்றரை மாதம்கூட நிறையவில்லை.

குழுவைத் தொடர்வதா கலைப்பதா என்று அவர்கள் யோசித்த நாட்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. தாம்ப்ஸனே 2021-இல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளில் அந்த விபத்தைப் பற்றி எழுதினார், அரை நூற்றாண்டு கழித்து. என்னை நிறுத்தி வைத்தது அவர்கள் எடுத்த முடிவுதான். தொடர்வது, ஆனால் லாம்பிளோடு வாசித்த பழைய பாடல்களைத் திரும்ப வாசிப்பதில்லை. அந்தக் கோடையில் ஹாம்ப்ஷயரில் ஃபார்லி சேம்பர்லேன் என்ற சிற்றூரில் ஒரு பழைய பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். ஸ்வார்ப்ரிக் முழுநேரமாகச் சேர்ந்தார். நடனக் கூடங்களில் வாசித்துக்கொண்டிருந்த டேவ் மாட்டாக்ஸ் டிரம்ஸுக்கு வந்தார். செப்டம்பர் 24 அன்று லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் புதிய பாடல்களோடு மேடையேறினார்கள். அன்றைய மேடையில் நிக் டிரேக் என்ற இளம் பாடகரும் பாடினார். டிசம்பரில் 'லீஜ் அண்ட் லீஃப்' வந்தது. 2006-இல் பிபிசி ரேடியோ 2 நாட்டுப்புற இசை விருதுகளுக்காக நேயர்கள் வாக்களித்தபோது, எக்காலத்துக்கும் அதிகத் தாக்கம் ஏற்படுத்திய நாட்டுப்புற ஆல்பம் என்று அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு தாம்ப்ஸன் எழுதி ஸ்வார்ப்ரிக் இசையமைத்தது. ஒருவன் காகத்தைக் கொல்கிறான், செத்துக் கிடப்பது தன் காதலி என்று தெரிகிறது. விபத்துக்குச் சில மாதங்களுக்குப் பின் எழுதிய பாட்டு என்று தெரிந்து கேட்டால் தொண்டை அடைக்கும். அதில் கிட்டார் தன்னைக் காட்டிக்கொள்ளவே இல்லை. சாண்டியின் குரலுக்கு அடியில் பாய் விரித்ததுபோல இருக்கிறது. இருபது வயதில், தன் துக்கத்தைத் தானே எழுதிவிட்டு, அதைப் பாட இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, பின்னால் நகர்ந்து நிற்கிற பையனை நினைத்துப் பார்க்கிறேன். எனக்கு இது அவருடைய எந்த வேகமான வாசிப்பையும்விடப் பெரிதாகத் தெரிகிறது.

லண்டனில் அப்போது "கிளாப்டன்தான் கடவுள்" என்று சுவரில் எழுதி வைத்த காலம். கிட்டார் எடுத்த பையன்களெல்லாம் அமெரிக்க ப்ளூஸைப் படித்துக்கொண்டிருந்தார்கள். தாம்ப்ஸனின் அப்பா ஸ்காட்லாந்துக்காரர், லண்டனில் போலீஸ் துப்பறிவாளர். வீட்டில் ஜிம்மி ஷாண்டின் அக்கார்டியன் நடன இசையும் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் கிட்டாரும் ஓடிய குழந்தைப் பருவம். குழுவைக் கண்டெடுத்த தயாரிப்பாளர் ஜோ பாய்ட், இவர் வாசிப்பில் ஸ்காட்லாந்துப் பைக் குழலின் சுருதி நாதம் கேட்கிறது, தேய்ந்த ப்ளூஸ் சங்கதிகள் கிடையாது என்று எழுதியிருக்கிறார். எனக்கு அது உடனே பிடிபட்டது. சுருதிமேல் நின்றுகொண்டு ஸ்வரத்தை வளைத்து வளைத்துத் தேடுகிற இசையை நாம் எங்கே கேட்டாலும் காது அடையாளம் கண்டுகொள்ளும். ஆனால் பெரியவரைப் போன்ற ரசிகர்களுக்கு அந்தத் தனித்தன்மைகூட இரண்டாவதுதான். அவர்கள் ஒருபோதும் தாம்ப்ஸன் பெயரைத் தனியாகச் சொல்வதில்லை என்பதை நான் மெதுவாகக் கவனிக்க ஆரம்பித்தேன். சாண்டி இருந்தபோது தாம்ப்ஸன், ஸ்வார்ப்ரிக்குடன் தாம்ப்ஸன், டேனி தாம்ப்ஸனின் பாஸுடன் தாம்ப்ஸன். டேனி உறவுக்காரர் இல்லை, பெயர்ப் பொருத்தம்தான், ஆனால் அந்த இரட்டை பாஸும் இந்தக் கிட்டாரும் மேடையில் அண்ணன் தம்பி மாதிரி பேசிக்கொண்டன. நிக் டிரேக்கின் முதல் ஆல்பத்தில் முதல் பாட்டிலேயே இருவரும் வாசித்திருக்கிறார்கள்.

19-ஆ, 69-ஆ என்ற என் கோபம் எங்கே தவறியது என்று இந்தச் சமயத்தில்தான் தெரிந்தது. எந்தப் பட்டியலும் ஒரு ஆளைத் தனியாகப் பிடுங்கி எடுத்துத்தான் எண் போட முடியும். அந்தப் பதினொரு நிமிடத்திலிருந்து தாம்ப்ஸனை மட்டும் பிரித்து எடுத்தால் அவர் விட்ட இடைவெளிகள் எங்கே போகும்? அந்த இடைவெளிகளில்தான் அவர் மேதைமை இருக்கிறது என்று நான் நம்புகிறேன். எண்ணை உயர்த்திக் கேட்டுச் சண்டை போடும்போது நானும் அவரைத் தனியாகத்தான் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

கூட வாசித்தவர்கள்

ரசிகர்களின் அன்பு அந்தக் கூட்டம் முழுவதற்கும் போகிறது என்பதற்கு ஸ்வார்ப்ரிக்கின் கதை ஒன்று போதும். எம்ஃபிசீமா வந்து நுரையீரல் கெட்டு, 1999 ஏப்ரலில் கவென்ட்ரியில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். டெய்லி டெலிகிராஃப் அவர் இறந்துவிட்டதாக முழு இரங்கல் கட்டுரையே போட்டுவிட்டது. அவர் படுக்கையிலிருந்தே படித்துவிட்டு, கவென்ட்ரியில் நான் சாவது இது முதல் தடவை இல்லையே என்றார் (மேடையில் எடுபடாமல் போவதையும் ஆங்கிலத்தில் 'சாவது' என்பார்கள்). வாசிக்க முடியாமல் வருமானம் நின்றுபோன அவருக்காக நண்பர்களும் ரசிகர்களும் சேர்ந்து 'ஸ்வார்ப்எய்ட்' என்று நிதி திரட்டினார்கள். அந்த வருஷமே பர்மிங்ஹாம் சிம்ஃபனி ஹாலில் அதற்காகக் கச்சேரி நடந்தது. பெரியவர் போயிருக்கிறார். "சீட்டுக் காசு அவர் மூச்சுக்குப் போகிறது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்" என்றார். 2004-இல் இரண்டு நுரையீரலும் மாற்றி வைத்தார்கள். அதன் பிறகு ஸ்வார்ப்ரிக் எழுந்து வந்து, செத்துப் பிழைத்த பைபிள் பாத்திரமான லாஸரஸின் பெயரை வைத்து ஒரு குழு அமைத்து வாசித்தார். 2016 ஜூன் வரை இருந்தார். பன்னிரண்டு வருஷம் கூடுதலாக.

லிண்டாவைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குரல்வளைத் தசைகள் சொன்னபடி கேட்காமல் இறுகிக்கொள்ளும் ஒரு கோளாறால் அவரால் பாட முடியாமல் போனது. நடுவில் சிறிது மீண்டு 2002-இல் ஓர் ஆல்பம் செய்தபோது, பிரிந்து இருபது வருஷம் ஆன ரிச்சர்ட் வந்து ஒரு பாட்டுக்குக் கிட்டார் வாசித்துக்கொடுத்தார். 2024-இல் லிண்டா பாடல்களை எழுதி, ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் பாட, ஒரு ஆல்பம் வெளியிட்டார். தன் குரலில்லாமல் தன் ஆல்பம். அதில் அவர் பிள்ளைகளும் பாடியிருக்கிறார்கள். இந்தக் குடும்பத்தின் காயங்கள் எல்லோருக்கும் தெரியும், நான் அதற்குள் போகவில்லை. எனக்குப் பெரிதாகத் தெரிவது ஒருவர் வாய் மூடினால் இன்னொருவர் பாடுகிறார் என்பதுதான்.

க்ராப்ரெடி வயலில்

பான்பரியிலிருந்து வடக்கே நாலைந்து மைலில் க்ராப்ரெடி என்ற கிராமம். கால்வாய், பழைய பாலம், 1644-இல் உள்நாட்டுப் போர் நடந்த ஆற்றங்கரை. 1979 ஆகஸ்டில் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் கலைந்துபோவது என்று முடிவு செய்து விடைபெறும் கச்சேரியை அங்கே ஒரு வயலில் வைத்தது. அதன் பதிவை வெளியிட எந்த நிறுவனமும் முன்வரவில்லை. பாஸ் வாசிக்கும் டேவ் பெக்கும் மனைவியும் தாங்களே சின்னதாக ஒரு நிறுவனம் தொடங்கி வெளியிட்டார்கள். அடுத்த வருஷமும் ஆட்கள் வந்தார்கள், அதற்கடுத்த வருஷமும் வந்தார்கள். விடைபெற்ற குழுவை ரசிகர்கள் போகவிடவில்லை. 1985-இல் மறுபடி புது ஆல்பம் போட்டார்கள். இன்றைக்கும் ஆகஸ்டில் மூன்று நாள் விழா நடக்கிறது. ஆயிரம் பேர்கூட இல்லாத கிராமத்தில் இருபதாயிரம் பேர் கூடிய வருஷங்கள் உண்டு.

பெரியவர் என்னையும் என் கணவரையும் கூட்டிப்போனார். மடக்கு நாற்காலி மூன்று, ஃபிளாஸ்க், நான் கட்டிக்கொண்டு போன புளியோதரை. ஒரே மேடை, அதனால் எதைப் பார்ப்பது என்ற குழப்பமே இல்லை. பேத்திகளோடு வந்த பாட்டிகள், இடுப்பு வரை நரைத்த தாடி வைத்தவர்கள், ஒவ்வொரு வருஷமும் அதே இடத்தில் நாற்காலி போட்டு அக்கம்பக்கத்தாராகிவிட்டவர்கள். 2007-இல் இதே வயலில் 'லீஜ் அண்ட் லீஃப்' முழுவதையும் பழைய ஆட்களே வாசித்ததை அவர்கள் நேற்று நடந்ததுபோலச் சொன்னார்கள். தாம்ப்ஸன், ஸ்வார்ப்ரிக், பாஸ் வாசித்த ஹட்சிங்ஸ், இன்னொரு கிட்டார்காரர் சைமன் நிகல், மாட்டாக்ஸ். 1978-இல் 31 வயதில் போய்விட்ட சாண்டியின் இடத்தில் க்ரிஸ் வைல் பாடினாராம்.

நான் போன வருஷம் தாம்ப்ஸன் வரவில்லை. எனக்கு அது முதலில் பெரிய ஏமாற்றம். சனிக்கிழமை இரவு, கிட்டத்தட்ட நள்ளிரவு, வழக்கப்படி கடைசிப் பாட்டாக 'மீட் ஆன் த லெட்ஜ்' தொடங்கினார்கள். தாம்ப்ஸன் 19 வயதில் எழுதியது. 1968-இல் தனிப்பாட்டாக வந்தபோது விற்பனைப் பட்டியலில் ஏறவே இல்லை. போனவர்களை மறுபடி சந்திப்போம் என்று சொல்லும் பாட்டு, இங்கே பலர் தங்கள் சாவு வீட்டில் போடச் சொல்லி எழுதி வைக்கிறார்கள். சைமன் நிகல் முதல் வரியை எடுத்ததும் வயல் முழுவதும் எழுந்து நின்றது. நானும் எழுந்து மேடையைத்தான் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் என்னைச் சுற்றி யாரும் மேடையைப் பார்க்கவில்லை என்று கண்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு பாடினார்கள். எனக்கு முன்னால் இருந்த அம்மாள் பக்கத்துக் காலி நாற்காலியின் முதுகில் கை வைத்துக்கொண்டு பாடினார். பெரியவர் பாடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார், மேடையில் அடித்த தாளத்துக்கு இல்லை. மறுநாள் வீட்டில் 1968 பதிவைப் போட்டுப் பார்த்தேன். அவர் தட்டியது அதில் இருந்தது. அந்தப் பதிவிலும் டிரம்ஸ் லாம்பிள்தான்.

போன நவம்பரில் லூட்டனில் என் அக்கா வீட்டிலிருந்து கணவரும் நானும் வெம்பிளிக்குப் போய்க்கொண்டிருந்தோம். மறுநாள் அக்கா மகனுக்கு ஆண்டு நிறைவு, வாழை இலையும் வெற்றிலையும் வாங்க வேண்டும். எம்1-இல் தெற்கே வரும்போது லண்டன் கேட்வே என்ற பலகை தெரிந்தது. முன்பு அதற்கு ஸ்க்ராட்ச்வுட் என்று பெயர். அந்த வேன் அதன் பக்கத்தில்தான் கவிழ்ந்தது. உள்ளே திருப்பச் சொன்னேன். லாரிகள் வரிசையாக நின்றன, யாரோ குழந்தைக்கு ஜாக்கெட் மாட்டிக்கொண்டிருந்தார்கள், தூறல். அங்கே ஒரு அடையாளமும் இல்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, காரிலேயே உட்கார்ந்து அந்தப் பாட்டைப் போட்டேன். பதினொரு நிமிடம். கணவருக்கு இந்த இசை அவ்வளவாகப் பிடிக்காது, ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. சிம்பல் சத்தமும் கண்ணாடியில் தூறலும் சில சமயம் பிரித்துச் சொல்ல முடியாதபடி கலந்துபோயின. முடிந்ததும் வண்டியை எடுத்தார். ஈலிங் ரோட்டில் கடை அடைப்பதற்குள் போய்விட்டோம். இலை நல்ல இலையாகவே கிடைத்தது.